கலை விடுதி: கதவிலிருந்து தொடங்குங்கள்

கல்லூரி விடுதியின் ஒரு பகுதியை இசை, நடனம், ஓவியம், நாடகம் என்று கலைக்காக ஒதுக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டடம், ஒலியமைப்பு, அரங்க அமைப்புத் துறைகளில் இருப்பவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

எங்கள் மாணவியர் விடுதியில் 48 பேர் தங்கும் ஒரு கட்டடத்தைக் கலை ஆர்வம் உள்ளவர்களுக்கென்று ஒதுக்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. தங்கும் அறைகள் மாடியில். தரைத்தளத்தில் 12×16 அடியில் பத்து அறைகளும், 30×40 அடியில் பழைய மெஸ் ஹாலும் காலியாக இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது? முதலில் சுவர்களுக்கு ஓவியம் தீட்டிவிடலாம் என்கிறார்கள்.
– விடுதிக் காப்பாளர், திருச்சி

ஓவியம் கடைசியில் வரட்டும். இரவு எட்டரை மணிக்கு ஒரு மாணவி வர்ணம் பாடிப் பார்க்க நினைத்தால், யாரிடமும் அனுமதி கேட்காமல், யார் தூக்கத்தையும் கெடுக்காமல் பாட முடிகிறதா? அது முடிந்தால்தான் கலை விடுதி. மாணவியர் விடுதிகளில் பெரிய தடையே வெளிக்கேட்தான். கல்லூரியில் நல்ல அரங்கம் இருக்கும், ஆனால் எட்டு மணிக்குக் கேட் பூட்டியதும் அது எட்டாது. உங்களுக்கு வேலை செய்யும் இடம் கேட்டுக்கு உள்ளேயே கிடைத்திருக்கிறது. அந்தச் சாவிகளும் காவலாளியிடம் போகாமல் கட்டடத்துக்குள்ளேயே, ஒரு பதிவேட்டுடன் இருக்க வேண்டும்.

வரைபடம் போடும் முன் 48 பேரிடமும் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள். என்ன செய்கிறார், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், அதிலிருந்து என்ன வெளிவருகிறது: சத்தமா, தூசியா, நாற்றமா, அழுக்குத் தண்ணீரா? கடைசிக் கேள்விதான் அறைகளின் இடத்தைத் தீர்மானிக்கும். முதல் மூன்றும் எண்ணிக்கையைத் தரும். இசை பயில்பவர்கள் 20 பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஒரு நாளுக்கு 30 மணி நேரம் தேவை. வகுப்பு நேரம் போக ஓர் அறை காலை 5.30 முதல் 8 வரையும் மாலை 4.30 முதல் 9.30 வரையும், மொத்தம் ஏழரை மணி நேரம் பயன்படும். கணக்குப்படி நான்கு அறை போதும். ஆனால் எல்லா நேரமும் நிரம்பிய அட்டவணை ஒரு வாரம்கூடத் தாங்காது, ஐந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து அறைகளில் ஐந்து இசைப் பயிற்சிக்கு. இரண்டை இணைத்து ஓவியக்கூடம். ஒன்று களிமண், அச்சு வேலை போன்ற ஈர வேலைகளுக்கு. ஒன்று எழுத, தைக்க, படிக்க ஓர் அமைதி அறை. கடைசி ஒன்று சாமான் அறை. இந்தச் சாமான் அறையைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஒரு பயிற்சி அறை தானாகவே குடோன் ஆகிவிடும். அறைகளை இணைக்கும் முன் நடுச்சுவர் பாரம் தாங்கும் சுவரா என்று கட்டுமானப் பொறியாளர் பார்த்தாக வேண்டும். பழைய விடுதிகளில் பெரும்பாலும் அது பாரச்சுவராகத்தான் இருக்கும். உத்திரம் கொடுக்காமல் உடைக்கக் கூடாது.

பயிற்சி அறைகள் ஐந்தையும் ஒரே கோடியில், மேலே படிக்கட்டோ குளியலறைகளோ வரும் பக்கமாக வையுங்கள். கட்டிலுக்கு நேர் கீழே மிருதங்கம் வந்தால் எந்தக் கதவும் காப்பாற்றாது. ஈர வேலை அறை தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கம் வரட்டும். அதன் தொட்டிக்கும் சாக்கடைக்கும் இடையில் மண் படியும் ஒரு பெட்டி அவசியம். இல்லாவிட்டால் களிமண் குழாயில் போய் இறுகிவிடும். அந்த அறையைத் துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதுதான் வழி.

ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் 1926ல் கட்டப்பட்ட பவுஹவுஸ் பள்ளியில் மாணவர்களுக்கு 28 அறைகள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 20 சதுர மீட்டர், தூங்குவதும் வேலை செய்வதும் அதற்குள்ளேயே. அழகான ஏற்பாடு, ஆனால் ஒருவருக்கு ஓர் அறை என்பதால் நடந்தது. மூன்று கட்டில் போட்ட நம் அறைகளில் அதைச் செய்யப் போனால் ஒருத்தி வரைய இருவர் வராந்தாவில் உட்கார வேண்டியிருக்கும்.

பயிற்சி அறைக்குச் சத்தம் வெளியே போகாமல் முட்டை அட்டை ஒட்டலாமா? செலவு குறைவு என்கிறார்கள்.
– இசைத்துறை மாணவர், கோவை

வேண்டாம். சத்தத்தைத் தடுப்பது எடையும் காற்றுப் புகாமையும். முட்டை அட்டைக்கு இரண்டும் இல்லை, தீப்பிடித்தால் மட்டும் வேகமாக எரியும். இங்கே இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. சத்தம் அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பது ஒன்று. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது இன்னொன்று. ஒன்றுக்கான பொருள் மற்றதற்கு உதவாது.

முதலில் தடுப்பு. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். பழைய கட்டடங்களில் சுவருக்குப் பஞ்சமில்லை, பிரச்சினை ஓட்டைகளில்தான். 12×10 அடிச் சுவரில் கதவுக்குக் கீழே முக்கால் அங்குல இடைவெளி மட்டும் இருந்தால், அந்தச் சுவர் முழுதும் சேர்ந்து 28 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவுக்கு மேல் 3×1½ அடி வென்டிலேட்டர் திறந்திருந்தால் 14தான். அதனால் முதல் செலவு கதவுக்கு: உள்ளே கட்டையடைத்த 40 மி.மீ. ஃப்ளஷ் கதவு, நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் பட்டை, கீழே கதவு மூடும்போது தானாக இறங்கும் சீல். வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசுங்கள். இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் முதுகோடு முதுகாக ஸ்விட்ச் பெட்டிகள் இருந்தால் அங்கே சுவரே இல்லை என்று அர்த்தம். ஒன்றை இரண்டடி தள்ளி வைத்துப் பழைய குழியை அடைத்துவிடுங்கள்.

இப்படி அடைத்த அறையில் காற்று எங்கிருந்து வரும் என்று யோசிக்க மறந்துவிடுகிறார்கள். ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது, புதுக்காற்று கொடுப்பதில்லை. ஒன்றரை மணி நேர சாதகத்தில் தலை வலிக்கும், பிறகு கதவைத் திறந்து வைத்துப் பாடுவார்கள், செய்த செலவெல்லாம் வீண். உள்ளே பஞ்சு ஒட்டிய ஒரு மரப்பெட்டிக் குழாய், குறைந்தது நான்கடி நீளம், இரண்டு வளைவுகளோடு வையுங்கள். காற்று வளைந்து போகும், சத்தம் வழியிலேயே அடங்கும். விசிறியை வராந்தா முனையில் வைத்தால் அதன் இரைச்சலும் உள்ளே வராது.

அடுத்தது எதிரொலி. ஹார்வர்ட் பேராசிரியர் வாலஸ் சபைன் 1895ல் தொடங்கிய சோதனைகளில் கண்டுபிடித்த சூத்திரம் இன்றும் போதும். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க ஆகும் நொடிகள் கிடைக்கும். 12×16 அடி, 10 அடி உயரம் என்றால் சுமார் 54 கன மீட்டர். வெறும் சிமென்ட் பூச்சும் டைல்ஸும் இருந்தால் மூன்று நொடிக்கு மேல் ஆகும். பிருகாக்கள், அதாவது வேகமாக உருளும் ஸ்வரக் கோவைகள், ஒன்றோடு ஒன்று குழம்பும். 0.6 நொடிக்குக் கொண்டுவர, இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதையும் கணக்கில் சேர்த்து, சுமார் 134 சதுர அடி உறிஞ்சு பலகை தேவை: 4×2 அடியில் 17 பலகைகள். மரச்சட்டத்துக்குள் 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு), மேலே நெய்த பருத்தித் துணி. சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் கீழ்ஸ்தாயிக்கும் பலன் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்டாமல் எதிரெதிர்ச் சுவர்களில் பிரித்து, உட்கார்ந்து பாடுபவரின் காது மட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

இன்னும் அடக்கினால் அறை செத்துப்போகும். பாடகர் தன் குரல் திரும்பி வராததால் கத்திப் பாடத் தொடங்கித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார். ஜமக்காளம் மட்டும் விரித்து முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: அது உயர்ந்த ஒலிகளை மட்டும் விழுங்கும், அறை அதற்குப் பிறகு 'கும்'மென்று கேட்கும். அறையைப் புதிதாகக் கட்டுபவர்கள் 10×10×10 அடி என்று சதுரப் பெட்டியாகக் கட்டாதீர்கள். மூன்று திசையிலும் ஒரே 56 ஹெர்ட்ஸ் ஒலியும் அதன் மடங்குகளும் தேங்கி, சில ஸ்வரங்கள் மட்டும் வீங்கிக் கேட்கும்.

மெஸ் ஹாலில் டைல்ஸ் தரை. பரதம் ஆடும் மாணவியருக்கு மேலே ரப்பர் பாய் விரித்தால் போதுமா?
– நடன ஆசிரியை, தஞ்சாவூர்

ரப்பர் பாய் வெறுங்காலைப் பிடித்து இழுக்கும்; சுழலும்போது முழங்கால் திருகிக்கொள்ளும். தட்டடவு மணிக்கணக்கில் விழும் தரைக்குக் கீழே கொஞ்சம் அசைவும் மேலே வழவழப்பும் வேண்டும். டைல்ஸும் கருங்கல்லும் அந்த அசைவைத் தராததால்தான் கெண்டைக்கால் எலும்பு வலி மாணவியரை விடுவதில்லை.

24×30 அடி ஆடுகளத்துக்கு ஒரு கணக்கு. முதலில் தரை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் பூத்திருந்தால் மரவேலையைத் தொடங்காதீர்கள். காய்ந்திருந்தால் தடித்த பாலிதீன் விரித்து, ஓரங்களை ஆறு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுங்கள். அதன்மேல் 2×1 அங்குல மரச்சட்டம் (ரீப்பர்), 16 அங்குலத்துக்கு ஒரு வரிசை, படுக்கை வசத்தில். 30 அடி நீளச் சட்டங்களாக 19 வரிசை வரும். ஒவ்வொரு ரீப்பருக்கும் அடியில் 16 அங்குலத்துக்கு ஒன்றாக 12 மி.மீ. ரப்பர் துண்டு, மொத்தம் 456. இதற்குக் குறுக்கே இரண்டாவது அடுக்கு ரீப்பர், 24 வரிசை. இரண்டு அடுக்குக்கும் சேர்த்து சேதாரத்தோடு 1,250 அடி ரீப்பர் வாங்கலாம். மேலே 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் இரண்டு அடுக்கு, சேதாரத்தோடு 8×4 அடியில் 50 ஷீட். கீழ் அடுக்கில் ஷீட்டுகளுக்கு இடையே 3 மி.மீ. விடுங்கள். மேல் அடுக்கு குறுக்காக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் பசையும் திருகும் போட்டு வரட்டும். ஆணி வேண்டாம். ஆணி தளரும், தரை ஒவ்வோர் அடவுக்கும் கிறீச்சிடும். அதற்கும் மேல் 12 மி.மீ. தேக்குப் பட்டை, மங்கலான பாலியூரிதேன் (பி.யூ.) கோட்டிங். பளபளக்கும் மெழுகுப் பாலிஷ் வழுக்கும்.

ஆசாரிகள் வழக்கமாகத் தவறும் ஓரிடம் உண்டு. மேல் ரீப்பர் கீழ் ரீப்பரைக் கடக்கும் இடம், இரண்டு ரப்பர் துண்டுகளுக்கு நடுவில் வர வேண்டும். ரப்பருக்கு நேர் மேலே கடந்தால் அங்கே கீழ்ச்சட்டம் வளைய வழியில்லை, அந்த இடங்களில் மட்டும் தரை கெட்டியாக நிற்கும். ஆடுகிறவரின் பாதம் இதை முதல் நாளே சொல்லிவிடும். இன்னொன்று சுவர் ஓரம்: நான்கு பக்கமும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி. ஐப்பசி மழையில் மரம் ஊதும். இடமில்லாவிட்டால் நடுவில் மேடு தட்டும். அந்த இடைவெளியை மறைக்கும் ஸ்கர்ட்டிங்கைச் சுவரோடு மட்டும் திருகுங்கள், தரையோடு அல்ல. ஸ்கர்ட்டிங்கில் அங்கங்கே துளை விட்டால் அடியில் காற்று ஓடும். தொடங்கும் முன்பே கரையான் மருந்து அடித்திருக்க வேண்டும்.

மொத்த உயரம் நான்கு அங்குலம் ஏறும். வாசலில் நான்கடி நீளச் சரிவு வைத்தால் சக்கர நாற்காலியும் ஏறும், மிருதங்கப் பெட்டியும் தடுக்காது. கண்ணாடி மாட்டுவதானால் ஒரு சுவரில் மட்டும், ஜன்னலுக்கு எதிரே வராமல், மூடித் திறக்கத் திரையோடு. பிம்பத்தையே பார்த்து ஆடப் பழகிய மாணவிக்கு மேடையில் பார்வை எங்கே போவதென்று தெரியாது.

அதே ஹாலில் நாடகமும் நடக்கும் என்றால் மேலே ஒன்றரை அங்குலம் என்று விற்கப்படும் ஜி.ஐ. பைப்பில் நான்கடிக்கு ஒன்றாகச் சட்டம் கட்டுங்கள். அதன் வெளி விட்டம் 48.3 மி.மீ.; மேடை விளக்குக் கிளாம்ப்புகள் அதற்குப் பொருந்தும். எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த பிறகே விளக்கு ஏற வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம்.

ஓவியக்கூடத்துக்கு வடக்கு ஜன்னல்தான் சிறந்தது, வெயிலே வராது என்று படித்தோம். எங்கள் கூடத்தில் மே மாதம் வெயில் கித்தான் மேலேயே விழுகிறது. ஏன்?
– நுண்கலை மாணவிகள், மதுரை

ஐரோப்பாவுக்கு அந்த விதி சரி. மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை. உச்சி வெயில் கிட்டத்தட்டத் தலைக்கு நேரே இருப்பதால் ஒன்றரை அடி சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். உங்களைத் தொந்தரவு செய்வது காலையும் மாலையும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் இருந்து சாய்ந்து வருவது. ஜன்னலின் இரு பக்கமும் ஒன்றரை அடி நீட்டிய செங்குத்துப் பலகைகள் வைத்தால் பெரும்பகுதி நிற்கும். வடக்கு ஜன்னலைக் கைவிட வேண்டாம், மற்ற திசைகளைவிட அது எவ்வளவோ மேல்.

இரவு வேலைக்கு விளக்கின் நிறத்தரம் முக்கியம். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவான சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். சாதாரண ட்யூப்லைட்டில் கலந்த சிவப்பு காலையில் வேறாகத் தெரியும். இரண்டு அறைகளை இணைத்த 12×32 அடிக் கூடத்துக்கு 500 லக்ஸ் வெளிச்சம் கிடைக்க, 2,000 லூமன் தரும் 20 வாட் எல்.இ.டி. ட்யூப் பத்தொன்பதோ இருபதோ வேண்டும். சுவர் வெள்ளையாகவோ இளம் சாம்பலாகவோ இருக்கட்டும். பச்சைச் சுவர் கித்தான் மேல் பச்சையைப் பூசும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தூங்கும் கட்டடம் என்பதால் சொல்லியே ஆக வேண்டும். எண்ணெய் ஓவியத்துக்கான லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறித் தீப்பிடிக்கும். நெருப்புப் பொறி எதுவும் தேவையில்லை. மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் போடுங்கள், தினமும் வெளியேற்றுங்கள். டர்பன்டைன் வேலை எக்ஸாஸ்ட் ஓடும் கூடத்தில் மட்டும். தங்கும் அறைக்குள் அக்ரிலிக், வாட்டர்கலர், பென்சில் தவிர வேறு வேண்டாம்.

பறைக்குழுவுக்கு விடுதிக்குள் இடம் கேட்கிறோம். "சத்தம்" என்று மறுக்கிறார்கள்.
– மாணவர், விழுப்புரம்

மூடிய அறை கேட்காதீர்கள், திறந்தவெளி கேளுங்கள். பறை ஒலி நெருக்கத்தில் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் வரம்புப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரமும், 100 டெசிபலில் 15 நிமிடமும்தான் காதுக்குப் பாதுகாப்பு. சின்ன அறையில் எட்டுப் பேர் அடித்தால் முதல் ஆபத்து அடிப்பவர்களுக்கே. காதடைப்பான் போட்டுப் பழகுங்கள். கட்டடத்திலிருந்து தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி, மாலை ஐந்து முதல் ஏழு என்று நேரம் எழுதிக் கொடுத்தால் மறுப்பதற்குக் காரணம் குறையும். தோல் பறையானால் காய்ச்ச நெருப்பு வேண்டும். ஓலைக்கூரை, திரைத்துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஒரு செங்கல் குழியும் மணல் வாளியும் அந்தத் திட்டத்திலேயே சேருங்கள். கல்லூரி விழாவுக்கு பேண்ட் வாத்தியம் வாசிக்க இடமுள்ள வளாகத்தில் பறைக்கும் இடம் உண்டு.

கலைப் பட்டம் படிப்பவர்களுக்கு மட்டும் இடம் தர வேண்டுமா? அறைகளை எப்படிப் பிரிப்பது?
– துணை முதல்வர், திருநெல்வேலி

வேதியியல் படிக்கும் மாணவி வீணை வாசிப்பாள், அவளையும் சேருங்கள். திறமைத் தேர்வு வைக்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கலைக்குக் கொடுப்பாய் என்று மட்டும் கேட்டு, ஆண்டு இறுதியில் அதைப் பாருங்கள். அறைத்தோழிகளைக் கலை பார்த்துச் சேர்ப்பதைவிடத் தூங்கும் நேரம் பார்த்துச் சேர்ப்பது நல்லது. காலை ஐந்து மணிக்கு அகாரம் பாடிப் பயில்பவளும் இரவு ஒரு மணி வரை வரைபவளும் ஓர் அறையில் ஒரு மாதம் தாண்ட மாட்டார்கள்.

பயிற்சி அறைக்கு ஒன்றரை மணி நேரப் பிரிவுகள் போட்டு, கதவிலேயே தாளில் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் வராவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முடிந்தால் குளியலறையோடு ஒரு விருந்தினர் அறை ஒதுக்குங்கள். கூத்துக் கலைஞரோ நாகஸ்வர வித்வானோ நான்கு நாள் அங்கேயே தங்கி, மாணவர்களோடு சாப்பிட்டு, மாலையில் சொல்லிக்கொடுத்தால், ஒரு மணி நேர விழா உரையில் கிடைக்காதது கிடைக்கும். அவர்களுக்குச் சன்மானம் வருடாந்திர பட்ஜெட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். பொன்னாடை அதற்கு ஈடாகாது.

அப்படியானால் சுவர் ஓவியமே கூடாதா?
– ஓவிய ஆசிரியர், புதுச்சேரி

கண்டிப்பாக வேண்டும், குடியிருப்பவர்கள் கையால். மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனில் உள்ள கலைக் கல்லூரியான கலா பவனத்தின் 'காலோ பாரி' என்ற கறுப்பு வீடு 1930களில் மண்ணால் கட்டித் தார் பூசப்பட்ட மாணவர் விடுதி. அதன் சுவர்ப் புடைப்புச் சிற்பங்கள் மாணவர்களும் ஆசிரியர்களும் செய்தவை. அங்கேயே விடுதிக் கூரையின் அடிப்பரப்பில் வினோத் பிகாரி முகர்ஜி 1940ல் வீர்பூம் கிராமத்து வாழ்க்கையைத் தீட்டினார். வெளியிலிருந்து ஒப்பந்தக்காரர் வந்து ஒரு வாரத்தில் தீட்டிப் போவது வேறு ரகம்.

ஒரு சுவரை நிரந்தரமாகக் கொடுங்கள். மற்றவற்றில் ரீப்பர் மேல் 8×4 அடிப் பலகைகள் திருகி, ஆண்டுதோறும் கழற்றி மாற்றுங்கள். அடுத்த ஆண்டு வருபவர்களுக்கும் சுவர் வேண்டுமே. நீர்க்கசிவு உள்ள சுவரில் எந்த வண்ணமும் நிற்காது, முதலில் கசிவை அடையுங்கள். வராந்தாவில் படங்களை மாட்ட மேலே அலுமினியத் தண்டவாளமும் கம்பியும் போதும், ஒவ்வொரு முறையும் ஆணி அடிக்க வேண்டாம். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பார்க்க வசதி.

வாத்தியங்களையும் படங்களையும் எங்கே வைப்பது?
– வீணை மாணவி, சென்னை

மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை; வெயில் காயும் சுவரருகே மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். பெட்டியோடு படுக்க வைக்க ஐந்தடி நீளத் தட்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வேண்டும். தம்புராவுக்கும் அதே அளவு. மிருதங்கத்துக்கு உறையோடு இரண்டரை அடி ஆழத் தட்டு. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மிருதங்கத்தை ஏசி அறையிலிருந்து எடுத்து உடனே வெளியில் வாசித்தால் தோல் ஈரம் வாங்கிச் சுருதி இறங்கும், அரை மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வையுங்கள். அலமாரிக் கதவு சல்லடைத் தகடாக இருந்தால் பூஞ்சை பிடிக்காது.

கித்தான்களுக்கு ஆறு அங்குல அகலச் செங்குத்துத் தட்டுகள், தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கி, வெளிச்சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. ஈரம் காயாத படங்களுக்குக் கம்பித் தட்டு ரேக் தனியாக வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் மாணவியின் பெயரும் படிப்பு முடியும் ஆண்டும் எழுதி ஒட்டுங்கள். போகும்போது எடுத்துச் செல்லாதவற்றை எத்தனை மாதம் வைத்திருப்பது என்பதைச் சேரும் நாளிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டால், மூன்றாம் ஆண்டு வருபவர்களுக்கும் தட்டு மிஞ்சும்.